கொசுறாய்ப் போன பிராசசர்

நெமேசியா சுகிமியாவுக்குக் கோபம் வந்தால் திட்டமாட்டாள். ஸ்குரூ டிரைவரை எடுத்துத் துடைப்பாள். மலைமேல் இருக்கிற எல் ஆல்ட்டோ ஊர்ச் சந்தையில் அவளைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். அவள் துடைக்க ஆரம்பித்துவிட்டால், அதுவரை வாய் கிழியப் பேரம் பேசிக்கொண்டிருந்தவன்கூடக் கேட்ட தொகையை எடுத்து வைத்துவிட்டு நடையைக் கட்டுவான். அந்த வியாழக்கிழமை காலையில் சந்தை கூடியதிலிருந்தே அவள் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். எல்லாம் பக்கத்துக் கடை பாஸ்குவாலாவின் வாயால் வந்தது.

பாஸ்குவாலா செத்துப்போன கம்ப்யூட்டர்களின் உறுப்புகளைக் கழற்றித் தார்ப்பாயில் பரப்பி விற்பவள். நல்ல மனசுக்காரிதான். ஆனால் அந்த நாக்கு இருக்கிறதே, அதற்கு வேலி கிடையாது.

"ஏன்டி நெமே, ஊரு லேப்டாப்பெல்லாம் உன் கை பட்டா குதிரையா ஓடுது. உன் வீட்டுக்காரரோடது மட்டும் ஏன்டி இன்னும் நொண்டியடிக்குது? போன வாரம் உங்க வீட்டுக்கு வந்தப்போ பார்த்தேனே! மனுஷன் தான் வரைஞ்ச கட்டிடத்துல ஒரு சுவரைத் திருப்பிப் பார்க்க பட்டனை அமுக்கிட்டு எழுந்து போனாரு. ஆப்பிச் சோளக்கஞ்சி காய்ச்சினாரு, எனக்கொரு கிளாஸ் கொடுத்தாரு, தானும் குடிச்சாரு, கிளாசைக் கழுவிக் கவுத்தும் வெச்சாரு. திரும்பி வந்து பார்த்தா சுவரு பாதிதான் திரும்பியிருக்கு!"

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நெமேசியா இன்னும் அழுத்தித் துடைத்தாள். பாஸ்குவாலா சொன்னது அவ்வளவும் உண்மை.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு விபத்து. முதலில் இதே சந்தையில் போன் உறை விற்றுக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒருவன் ஒரு மூட்டை பழைய லேப்டாப்பை அவளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான், போனவன் போனவன்தான். மாதக்கணக்கில் காத்துப் பார்த்துவிட்டு மூட்டையைப் பிரித்தாள். ஒன்றைத் திறந்தாள், இன்னொன்றைத் திறந்தாள், மூன்றிலிருந்து எடுத்து நான்காவதை ஓட வைத்தாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். இப்போது அவள் கடை என்பது நான்கு கம்பு, மேலே ஒரு நீலத் தார்ப்பாய், கீழே ஒரு மேசை, ஸ்குரூக்களைப் பிரித்துப் போட்டுவைக்க ஒரு முட்டை அட்டை. மலையிலிருந்து நேராக இறங்கி வருகிற காற்று அந்தக் கடைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். குளிர்காலத்தில் அவள் விரல் நுனியெல்லாம் வெடித்துவிடும். மெழுகு தடவிக்கொண்டு வேலை பார்ப்பாள்.

அவள் கணவன் ருஃபினோ சுதை வேலைக்காரன். கீழே கடைகள், அதற்கு மேலே கல்யாண மண்டபம், அதற்கும் மேலே வாடகை வீடுகள், உச்சியில் முதலாளியின் சொந்த வீடு என்று வண்ணம் வண்ணமாக எழும்புகிற கட்டிடங்களுக்கெல்லாம் கூரையில் பூவும் கொடியும் வைப்பவன். வைத்துக்கொண்டே இருந்தவனுக்கு, பூவை மட்டும் ஏன், முழுக் கட்டிடத்தையும் நானே யோசித்தால் என்ன என்று தோன்றிவிட்டது. நான்கு வருஷமாகத் தானாகவே கற்றுக்கொண்டு லேப்டாப்பில் கட்டிடம் வரைந்துகொண்டிருக்கிறான். யாரும் கட்டச் சொல்லவில்லை. வரைவான், அழிப்பான், வரைவான்.

இந்த முறை கதை வேறு. உருளைக்கிழங்கு மொத்த வியாபாரம் செய்கிற, ஊரே மரியாதையாகத் தோன்யா என்று கூப்பிடுகிற லியோகாடியா, தன் தங்கை வீட்டு மண்டபத்தில் அவன் செய்த கூரை வேலையைப் பார்த்து அசந்துபோய், "என் புதுக் கட்டிடத்துக்கு நீ என்ன நினைக்கிறே, வரைஞ்சு காட்டு" என்று கேட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் காட்ட வேண்டும். திங்கட்கிழமை மலைக்குக் கீழே இருக்கிற லா பாஸ் நகரத்திலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து தன்னுடையதைக் காட்டப்போகிறார். பிடித்தால் ருஃபினோ இனிமேல் கட்டிடம் வரைகிறவன். பிடிக்காவிட்டால் மறுபடி ஏணிமேல் ஏறிச் சுதை பூச வேண்டியதுதான். இதற்கு நடுவில் கையிலிருந்த வேலையை முடிக்க அவன் ஒருரோ ஊருக்குப் போயிருந்தான். போகும்போது லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"அதைத் தொடாதே நெமே. ஓடுதில்ல? ஓடட்டும்."

தொடாதே என்றால் தொடாமல் இருந்திருக்கலாம். ஆனால் பாஸ்குவாலா வாயில் விழுந்த பிறகு எப்படி இருப்பது? நெமேசியா அன்று அந்த லேப்டாப்பை முதுகுத் துணியில் கட்டிக் கடைக்குக் கொண்டு வந்திருந்தாள். விசிறியைத் தூசி தட்டலாம் என்றுதான் கொண்டுவந்தது. துடைத்துக்கொண்டிருந்த ஸ்குரூ டிரைவரை மேசையில் வைத்தாள். எழுந்து போய்ப் பாஸ்குவாலாவின் தார்ப்பாய் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"இந்த மாடலுக்கு ஏறுற பிராசசர், உன்கிட்ட இருக்கிறதிலேயே பெரிசு எது?"

பாஸ்குவாலா ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் விரல் விட்டுத் துழாவி ஒன்றை எடுத்தாள். கட்டைவிரல் அகலச் சதுரம், அடியில் புல் முளைத்த மாதிரி தங்க நிறக் கம்பிகள். நெமேசியா பேரமே பேசாமல் வாங்கிக்கொண்டாள். பாஸ்குவாலாவுக்கே பயம் வந்துவிட்டது.

"அடியேய், நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்டி!"

"நான் விளையாட்டுக்கு வாங்கல."

லேப்டாப்பைக் கவிழ்த்தாள். பேட்டரியைக் கழற்றினாள், அடி மூடியைத் திறந்தாள். விசிறியையும் அதோடு ஒட்டிய செம்புக் குழாயையும் தூக்கினாள். ஸ்குரூ ஒவ்வொன்றும் முட்டை அட்டையில் அதனதன் குழியில் விழுந்தது. பழைய பிராசசர்மேல் இருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது, ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாள். பக்கத்துத் திருகை அரைச் சுற்றுத் திருப்பியதும் பிடி விட்டது, பழசு தானாகவே கையோடு வந்தது. புதியதன் மூலையிலிருந்த முக்கோணத்தை இடத்திலிருந்த முக்கோணத்தோடு சேர்த்து வைத்தாள். அழுத்தவேயில்லை, அது தானே உட்கார்ந்தது. திருகை இறுக்கினாள், ஒரு பருப்பு அளவு புதுப் பசை வைத்தாள். அழகான வேலை. அவளுக்கே தன் கையைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையில்தான் ஒன்றை மறந்தாள். லேப்டாப் கண் விழிக்கும்போது முதன்முதலில் ஓடுகிற பயாஸ் என்கிற சின்னப் புரோகிராம் இருக்கிறதே, அதற்குப் புதுப் பிராசசர் யாரென்று தெரிய வேண்டும். பழைய மெஷின் என்றால், பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே அந்தப் புரோகிராமைப் புதுப்பித்துவிட்டுத்தான் கழற்றவே ஆரம்பிக்க வேண்டும். வாடிக்கைக்காரர் மெஷினாக இருந்திருந்தால் அவள் கை தூக்கத்தில்கூட முதலில் அதைத்தான் செய்திருக்கும். இது வீட்டு மெஷின். கோபம் வேறு.

மூடியை வைத்து ஸ்குரூ போட்டுக்கொண்டிருக்கும்போது தோன் கலிஸ்தோ வந்தார். திருவிழாவில் மொரெனாடா ஆடுகிறவர்கள் கையில் சுழற்றுகிற கிலுக்கு செய்கிறவர் அவர். எந்தத் தொழில் செய்கிற கூட்டம் ஆடுகிறதோ அந்தத் தொழிலின் உருவத்தில் கிலுக்கு செய்வார். லாரிக்காரர்களுக்குத் தகர லாரி, கசாப்புக்காரர்களுக்குத் தகர மாடு. நெமேசியாவிடம் உடைந்த கீபோர்டுகளை வாங்கிக்கொண்டு போவது வழக்கம். அன்றும் ஒரு கட்டு வாங்கினார். வாங்கிவிட்டு நகராமல் நின்றார்.

"கொசுறு?"

அந்தச் சந்தையில் கொசுறு கொடுக்காமல் ஒருவரை அனுப்பினால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்பார்கள். உருளைக்கிழங்கு வாங்கினாலும் கொசுறு உண்டு, உழவு மாடு வாங்கினாலும் உண்டு. நெமேசியா மேசையைப் பார்த்தாள். கைக்கு அருகில் பழைய பிராசசர் தங்கமாக மின்னிக்கொண்டு கிடந்தது.

"இந்தாங்க, கிலுக்குல ஒட்டுங்க. ஜொலிக்கும்."

"அடடா! வாரி வழங்குற கை அம்மா உன் கை!" என்று கலிஸ்தோ அதைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.

பேட்டரியை மாட்டி, பட்டனை அமுக்கினாள். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை கறுப்பு. மறுபடி அமுக்கினாள், அப்போதும் கறுப்பு. என்ன செய்யாமல் விட்டோம் என்பது அந்த நொடியே தெரிந்துவிட்டது. இனிப் பழைய பிராசசரை மாட்டினால்தான் மெஷின் கண் விழிக்கும். நிமிர்ந்து பார்த்தால் கலிஸ்தோவின் தொப்பி மாதிரியே ஆயிரம் தொப்பிகள் தெருவில் நகர்ந்துகொண்டிருந்தன.

"சாராயம் தெளிச்சியாடி?" என்றாள் பாஸ்குவாலா எட்டிப் பார்த்து. "புதுசா ஒண்ணு மாட்டிட்டு நிலத்தாய்க்கு ஒரு சொட்டுக்கூட விடாம பட்டனை அமுக்கினா?"

"ஜனங்க தெளிக்கிற சாராயத்தாலதான் எனக்குப் பாதி வேலையே வருது. பேசாம இரு, எனக்கு அழுகை வருது."

நெமேசியா அழுகிறேன் என்று சொல்லிக் கேட்டதில்லை பாஸ்குவாலா. வாயை மூடிக்கொண்டு தன் டப்பாக்கள் அத்தனையையும் கொட்டித் தேடினாள். அந்தப் பழைய காலத்துப் பிராசசர் ஒன்றுகூட இல்லை. நெமேசியா சந்தை முழுக்கக் கடை கடையாகக் கேட்டாள். கிடைத்த இரண்டில் ஒன்று செத்தது, மற்றது மூலை உடைந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டியும் பார்த்தாள். வரைகிற புரோகிராம், இது என் மெஷின் இல்லை, திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் கலிஸ்தோவின் பட்டறைக்குப் போய் நின்றாள். அவர் கன்னத்திலெல்லாம் பெயின்ட்டோடு சிரித்தார்.

"கொசுறாக் கொடுத்ததைத் திருப்பிக் கேக்குற ஆளை இந்த வயசுல இப்பத்தான் அம்மா பார்க்கிறேன்!"

"சிரிக்காதீங்க. எங்க அது?"

டி.வி., கம்ப்யூட்டர் விற்கிற வியாபாரிகள் கூட்டத்துக்காகத் தகர லேப்டாப் ஒன்று செய்திருந்தாராம். திரைக்குக் கண்ணாடி, கீபோர்டுக்கு நிஜப் பட்டன்கள், நட்டநடுவில் தங்கக் கம்பிகள் மேலே தெரியும்படி அவளுடைய பிராசசர். நேற்றுச் சாயங்காலமே அதை எவரிஸ்தோ என்கிற வியாபாரி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் வெளியூர் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகைக்குத்தான் வருவார்.

"அங்க போயிப் பிடி. அந்தக் கிலுக்கைப் பார்த்தா உனக்கே தெரியும். நான் செஞ்சதிலேயே அதுதான் அழகு" என்றார் கலிஸ்தோ. அந்த நேரத்திலும் அவருக்குத் தன் கிலுக்கு பெரிசு.

சனிக்கிழமை ருஃபினோ போன் செய்தான். ஒருரோவில் பஸ் ஏறி நேராகத் தோன்யா லியோகாடியா வீட்டுக்கே வந்துவிடுவானாம். அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அங்கே வந்தால் போதும்.

"குலுக்காம எடுத்துட்டு வா. உள்ள நான் நாலு வருஷம் வெச்சிருக்கேன்" என்றான்.

"ம்" என்றாள்.

போனை வைத்துவிட்டு அந்தக் கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்தாள். பாஸ்குவாலா கேட்ட கேள்வி அப்போதுதான் சரியாக உறைத்தது. ஏன் இத்தனை நாள் மாற்றவில்லை? நேரமில்லை என்றுதான் ஊருக்கும் தனக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். நிஜம் அதுவா? அவன் வரைவதை அவள் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. சுதை பூசுகிற மனுஷனுக்கு இது ஒரு பொழுதுபோக்கு, போகட்டும் என்று விட்டிருந்தாள். அவன் திரையைத் திருப்பி "இங்க பாரேன்" என்று கூப்பிட்ட நாட்களில் "கை வேலையா இருக்கேன்" என்றுதான் பதில் சொல்லியிருக்கிறாள். அந்த வரைபடத்தை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. இப்போது பார்க்கலாம் என்றால் திறக்காது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, தன்மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது. துடைக்க ஸ்குரூ டிரைவர்கூடக் கையில் அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பை முதுகுத் துணியில் கட்டிக்கொண்டு, புதுப் பிராசசரையும் பசைக் குழாயையும் ஸ்குரூ டிரைவரையும் இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒத்திகை நடக்கிற தெருவுக்குப் போனாள். தூரத்திலேயே முரசு கேட்டது. பித்தளை வாத்தியம் தெருவை அதிர வைத்தது. பெண்கள் வரிசை பாவாடையைச் சுழற்றிக்கொண்டு போக, பின்னால் ஆண்கள் வரிசை கிலுக்கைச் சுற்றிக் கரகரவென்று சத்தம் எழுப்பிக்கொண்டு அசைந்து அசைந்து வந்தது. அந்த வரிசையின் நடுவில், நல்ல வயிறு வைத்த ஒருவர் கையில், தகர லேப்டாப். அதன் நடுவில் அவளுடைய பிராசசர் வெயிலில் பளபளத்துச் சுழன்றது.

நெமேசியா ஓடிப்போய் அவர் பக்கத்தில் நடந்தாள்.

"தோன் எவரிஸ்தோ, அந்தக் கிலுக்கு எனக்கு வேணும். ஒரு நிமிஷம்."

"என்னம்மா, காலங்காத்தாலேயே ஏத்திக்கிட்டியா? வரிசையை விட்டு விலகினா எனக்கு அபராதம்!"

"அதுல ஒட்டியிருக்கிறது என் வீட்டுக்காரரோட பிராசசர்."

"என்னது? சத்தத்துல ஒண்ணும் கேக்கல. பிளாசாவுல நிப்போம், அங்க பேசு. இப்ப ஆடு!"

"நான் ஆடமாட்டேன்."

"அப்போ ஓரமா போ. கேமராவை மறைக்காதே!"

ஓரமாகப் போனால் கூட்டத்தில் அவரைத் தவறவிட்டுவிடுவாள். வேறு வழியில்லை. ஆட நேரமில்லை என்று எத்தனையோ திருவிழாவைத் தட்டிக்கழித்தவள், முதுகில் லேப்டாப்போடு பெண்கள் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டு ஆடினாள். மூன்றடி இப்படி, மூன்றடி அப்படி. குலுக்காமல் எடுத்து வா என்று அவன் சொன்னது ஞாபகம் வந்தது. பாவாடை சுழன்றாலும் முதுகு அசையாதபடி ஆடினாள். பார்த்தவர்கள் இது ஏதோ புது ஸ்டைல் என்று கைதட்டினார்கள்.

பிளாசாவில் வாத்தியம் நின்றதும் எவரிஸ்தோவின் முன்னால் போய் நின்று மூச்சு வாங்க முழுக் கதையையும் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு கேட்டார், பிறகு தலையைச் சொறிந்தார். டி.வி. விற்கிறவர், பிராசசர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா?

"எல்லாம் சரிம்மா. ஆனா இதைப் பிடுங்கினா நடுவுல ஓட்டை. இந்த வருஷ ஸ்பான்சர் இப்பத்தான் படம் எடுத்துட்டுப் போனாரு, இன்னொரு சுத்து எடுக்கப்போறாரு. பல்லு விழுந்த கிலுக்கைத் தூக்கிட்டு நான் எப்படி ஆடுறது?"

நெமேசியா இடுப்புப் பைக்குள் கையை விட்டாள். புதுப் பிராசசர் விரலில் பட்டது. இதைக் கொடுத்துவிட்டால் இன்றைக்கு மெஷின் பழைய நொண்டிதான். கொடுக்காவிட்டால் மெஷினே இல்லை.

"இதை ஒட்டிக்குங்க. அதை விட இது ஜொலிக்கும். திருவிழா முடிஞ்சதும் எனக்குத் திருப்பிக் கொடுக்கணும்."

எவரிஸ்தோ வாங்கிப் பார்த்து விசிலடித்தார். "இதையா? இது என் கடையில இருக்கிற மெஷினை விட வேகமாச்சே! தகரத்துல ஒட்டவா கொடுக்கிறே?"

"ஆமா, வேகமா ஆடுங்க. பேச நேரமில்ல."

கிலுக்கில் ஒட்டியிருந்த பசை உரியவில்லை. ஆட்டக்காரர்கள் கையில் சாராய பாட்டிலுக்கா பஞ்சம்? ஒருவரிடம் வாங்கிச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பசை மெல்ல இளகி ஓரத்திலிருந்து எழும்பியது. உள்ளேயிருந்த கண்ணாடி மாதிரியான சின்னச் சதுரத்தின் மூலைகள் உடையாமல் இருந்தன. அவள் விட்ட மூச்சு எவரிஸ்தோவுக்கே கேட்டது. இரண்டு கம்பிகள் மட்டும் வளைந்திருந்தன. மேல்சால்வையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, மூச்சை அடக்கிக்கொண்டு, இரண்டையும் நிமிர்த்தினாள். பிளாசா பெஞ்சில் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிரித்து மாட்டினாள். சுற்றி நின்ற ஆட்டக்காரர்கள் காற்று படாமல் தொப்பிகளைக் கழற்றி மறைத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

பட்டனை அமுக்கினாள். விசிறி சுற்றியது. கறுப்பு. இன்னும் கறுப்பு. "நிலத்தாயே, பச்சமாமா, உனக்குப் பாட்டிலாவே ஊத்துறேன்" என்றாள் வாய்க்குள். திரையில் வெள்ளையாய் எழுத்து வந்தது.

கூட்டம் கத்திய கத்தலில் வாத்தியக்காரர்கள் இடைவேளை முடிந்துவிட்டதோ என்று ஊத ஆரம்பித்துவிட்டார்கள்.

தோன்யா லியோகாடியாவின் வீட்டு வாசலில் ருஃபினோ நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸில் வந்த கசங்கல், தலைமுடியில் சுதைத் தூசி. அவள் முகத்தைப் பார்த்ததுமே அவன் முகம் மாறியது.

"தொட்டுட்டியா?"

"தொட்டுட்டேன். பிராசசரை மாத்தப் பார்த்தேன், தப்பாப் போச்சு. திரும்பப் பழசையே போட்டுட்டேன். உன் வரைபடம் பத்திரமா இருக்கு. ஆனா மெதுவாத்தான் திறக்கும். என்னை அப்புறம் திட்டு."

"மெதுவாவா?" என்றான் அவன். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம்போல் இருந்தது. அவன் காது மடல் சிவந்துபோய், ஏதோ பயந்தவன் மாதிரி நின்றான். "கீழ்த்தளத்தை மட்டும் சட்டுன்னு தாண்டிடலாம்னு இருந்தேன்."

அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாசல்லேயே கட்டிடம் கட்டுறீங்களா ரெண்டு பேரும்? உள்ள வாங்க!"

தோன்யா லியோகாடியா பெரிய உடம்பு, பெரிய தொப்பி, அதைவிடப் பெரிய நாற்காலி. லேப்டாப்பை அவள் முன்னால் மேசையில் வைத்தார்கள். ருஃபினோ பட்டனை அமுக்கினான். தரை வந்தது. கீழ்த்தளச் சுவர்கள் ஒவ்வொன்றாக எழும்பின. வரிசையாகக் கடைகள் வந்தன, கடைசியாக ஒரு மூலைக் கடை. அங்கே வந்ததும் மெஷின் முக்கி முனகிக்கொண்டு நின்றுவிட்டது. மேலே மண்டபமும் இல்லை, வீடும் இல்லை. திரை முழுக்க அந்த மூலைக் கடை மட்டும்தான்.

ருஃபினோ அமுக்கினான். அசையவில்லை.

"கொஞ்சம் இருங்க தோன்யா, இப்ப வந்துடும்."

"வரட்டும், எனக்கென்ன அவசரம்? இது என்ன கடை? மத்ததெல்லாம் ஒரே அளவு, இது மட்டும் சின்னதா இருக்கு. மேசை ஏன் இப்படிக் குட்டை?"

"அது... குட்டையா இருக்கிற ஒருத்தர் உட்கார்ந்து வேலை பார்க்கிறதுக்கு."

"சுவத்துல எதுக்கு இத்தனை பிளக்?"

"லேப்டாப் ரிப்பேர் கடை, தோன்யா."

"அதுசரி. கதவை ஏன் தெருவுக்குக் காட்டாம பக்கவாட்டுல வெச்சிருக்கே? எந்தக் கடைக்காரன் இப்படி வெப்பான்?"

ருஃபினோ நெமேசியாவைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு சொன்னான். "மலைக்காத்து அந்தப் பக்கத்துலேருந்துதான் அடிக்கும். நேர் கதவா இருந்தா உள்ள வரும். அவளுக்கு விரலெல்லாம் வெடிக்குது."

விசிறி மட்டும் இரைந்தது. மேல்மாடி இன்னும் வரவில்லை.

"என் கூலியில ஒரு பங்குக்குப் பதிலா இந்த ஒரு கடையைக் கொடுக்கச் சொல்லி உங்களைக் கேக்கலாம்னு இருந்தேன்" என்றான். "எல்லாத்தையும் காட்டிட்டு, உங்களுக்குப் பிடிச்சிருந்தா மட்டும் கடைசியில கேக்கலாம்னு நினைச்சேன். மெஷின் முதல்லேயே வந்து நின்னுடுச்சு."

நெமேசியாவின் கை தானாகவே இடுப்புப் பைக்குள் போய் ஸ்குரூ டிரைவரை எடுத்தது. பாவாடை நுனியால் அதைத் துடைக்க ஆரம்பித்தாள். ருஃபினோ அதைப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனான்.

"கோபமா நெமே?"

"கோபமில்ல" என்றாள். துடைப்பதை நிறுத்த முடியவில்லை, கண்ணைத் துடைக்கக் கையும் காலியாக இல்லை.

தோன்யா லியோகாடியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு திரைக்குக் கிட்டத்தில் குனிந்து, மோதிரம் போட்ட விரலால் அந்தப் பக்கவாட்டுக் கதவைத் தட்டினாள்.

"இதைக் கொஞ்சம் அகலமாப் போடுய்யா. என் போனு கெட்டுப்போச்சுன்னா நான் உள்ள வர வேணாமா? இந்த இடுக்குல தொப்பி மட்டும்தான் நுழையும்."

ருஃபினோவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டான். அவள் அதற்குள் பக்கத்து அலமாரியிலிருந்து சாராய பாட்டிலை எடுத்து, நல்ல காரியம் பேசியாயிற்று என்று லேப்டாப்பின் மேலேயே தெளிக்கக் கையை ஓங்கினாள்.

"ஐயோ தோன்யா, மேசைக் காலுக்கு! மேசைக் காலுக்கு!" என்று நெமேசியா பாய்ந்து லேப்டாப்பை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். சாராயம் மேசைக் காலில் விழுந்தது. நிலத்தாய்க்கும் அது போதும்.

அணைத்தபடியே திரையைப் பார்த்தாள். மூலைக் கடை, அவள் உயரத்துக்கு ஒரு மேசை, முட்டை அட்டை வைக்க ஒரு தட்டுகூட இருந்தது. நிதானமாகப் பார்த்தாள்.

"மேசை இன்னும் நாலு விரல் உசரணும்" என்றாள்.

ருஃபினோ சிரித்தான். அவன் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது. "நாலு வருஷமா வரையறேன். இன்னிக்குத்தான் ஒரு குறை சொல்றே."

"இன்னிக்குத்தானே பார்க்கிறேன்" என்றாள் நெமேசியா.

அப்போதுதான் மேல்மாடி வர ஆரம்பித்தது. மண்டபத்தின் முதல் தூண், மெதுவாக. அவள் லேப்டாப்பை மேசைமேல் வைத்து, நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.